தேய்ந்த காலணா என்ன பெறும்?

கேள்வி: என் மாமியார் தை மாதம் காலமானார். அவருடைய சுருக்குப் பையில் வெற்றிலைச் சருகோடு ஒரு செப்புக் காசு கிடந்தது. ஒரு பக்கம் இடதுபுறம் பார்க்கும் தலை, கிரீடம் இருப்பது தெரிகிறது, முகம் மழுங்கிவிட்டது. மறுபக்கம் 'குவார்ட்டர்' என்ற ஆங்கிலச் சொல் பாதி, கீழே 191 வரை தெரிகிறது, கடைசி எண் தெரியவில்லை. அது 1911 என்றால் பத்து லட்சம் பெறும் என்று மகன் ஒரு வீடியோவில் பார்த்திருக்கிறான். அதில் இருந்த நம்பருக்குப் பேசினால் பதிவுக் கட்டணம் 2,500 ரூபாய் கேட்கிறார்கள். எண் தெரியட்டும் என்று புளி போட்டுத் தேய்த்தேன், பாதிக் காசு பளபளவென்று வந்துவிட்டது. மீதியையும் தேய்க்கலாமா? சிங்கப்பூரில் இருக்கும் நாத்தனார் கணவர், அனுப்பி வைத்தால் அங்கே விற்றுத் தருகிறேன் என்கிறார். நகைக்கடைத் தராசில் 4.58 கிராம், குறுக்களவு இருபத்தைந்து மில்லிமீட்டரும் சொச்சமும். படங்கள் இணைத்திருக்கிறேன். பையில் ஓட்டைக் காசு மூன்றும் சதுரக் காசு ஒன்றும்கூட இருக்கின்றன. (கும்பகோணம் வாசகி)

பதில்: முதலில் அந்த 2,500 ரூபாய். கட்டாதீர்கள் அம்மா. காசை வாங்குகிறவர்தான் பணம் தர வேண்டும். விற்கிற உங்களிடம் பதிவு, ஜிஎஸ்டி, ரிசர்வ் வங்கி அனுமதி என்று எதற்குப் பணம் கேட்டாலும் அதோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். பழைய காசு, நோட்டு வாங்க விற்க எங்கள் பெயரையும் முத்திரையையும் காட்டிக் கட்டணமோ கமிஷனோ கேட்கிறார்கள், நாங்கள் அப்படி எதுவும் கேட்பதில்லை, யாருக்கும் அந்த அதிகாரம் கொடுக்கவும் இல்லை என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் அறிவிப்பு வெளியிட்டது. அதற்கப்புறமும் இந்த வியாபாரம் நிற்கவில்லை. அரிசியை இழுக்கும் செப்புக் காசு, 'ரைஸ் புல்லிங்' என்று ஊர் ஊராகச் சொல்லி ஏமாற்றினார்கள். இப்போது வீடியோவும் வந்துவிட்டது. மகனைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் அந்த மாதிரி வீடியோ பார்த்துவிட்டு வருகிறவர்கள்தான்.

சரி, காசுக்கு வருவோம். தராசில் நிறுத்து எழுதினீர்களே, அதுதான் எனக்குப் பெரிய உபகாரம். "ரொம்பப் பழசு, கனமா இருக்கு" என்று எழுதுகிறவர்கள்தான் அதிகம். தேய்ந்த காசில் முகம் போகும், எழுத்து போகும், எடையும் குறுக்களவும் மட்டும் கடைசிவரை கூட இருக்கும். அதனால் நான் எப்போதும் படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் தராசைத்தான் கேட்பேன்.

நம் ஊரில் பெரும்பாலான வீடுகளின் பெட்டிகளில் கிடைக்கும் காலணா இரண்டு எடைகளில் வரும். 1835இல் கிழக்கிந்தியக் கம்பெனி அடித்த காலணா 6.48 கிராம். அதில் தலையே கிடையாது, கேடயமும் இரண்டு பக்கமும் சிங்கமும்தான். 1862 முதல் விக்டோரியாவின் தலை வந்தது, எடை அதே 6.48. அவர் மகன் எட்வர்டின் காலத்தில் முதலில் அதே கனம். 1906இல்தான் செம்பை விட்டுவிட்டு வெண்கலத்துக்கு மாறினார்கள். செம்போடு கொஞ்சம் வெள்ளீயமும் துத்தநாகமும் சேர்ந்தால் காசு கெட்டியாகும், அதனால் மெல்லிசாக அடித்தாலும் தாங்கும். எடை 4.86 கிராமாக இறங்கியது. குறுக்களவு ஏறக்குறைய மாறவில்லை. கையில் வைத்தால் பழையது வடை மாதிரியும் புதியது தட்டை மாதிரியும் இருக்கும்.

உங்களுடையது 4.58. புதிதாக இருந்தபோது 4.86 என்றால் கைமாறிக் கைமாறி நூற்றுக்கு ஆறு பங்கு தேய்ந்திருக்கிறது. முகம் அழிந்து எழுத்து பாதி போன காசுக்கு இது சரியான கணக்கு. அதுவே 6.48லிருந்து 4.58க்கு வந்திருந்தால் பத்தில் மூன்று பங்கு போயிருக்க வேண்டும். அவ்வளவு தேய்ந்த காசில் கிரீடம் எங்கே, 191 எங்கே, ஒன்றும் மிஞ்சியிருக்காது. ஆகவே விக்டோரியா இல்லை. எட்வர்ட் காலணாவில் தலை வலதுபக்கம் பார்க்கும், கிரீடமும் இருக்காது. உங்களுடையது இடதுபக்கம் பார்க்கிறது, கிரீடம் இருக்கிறது. ஆறாம் ஜார்ஜும் இடதுபக்கம் பார்க்கிற கிரீடத் தலைதான், ஆனால் அவர் காலணா 1938 முதல்தான். 191 என்று உங்கள் கண்ணுக்கே தெரிவதால் அதற்கு இடமில்லை. மிஞ்சுகிறவர் ஐந்தாம் ஜார்ஜ். பூப் பக்கத்தில் மணிமணியாக ஒரு வட்டம், அதைச் சுற்றிக் கொடி, நடுவில் மேலிருந்து கீழாக ஒன் குவார்ட்டர், அணா, இந்தியா, கடைசியில் ஆண்டு. உங்கள் இரண்டாவது படத்தில் அந்தக் கொடியின் ஒரு சுருள் வலது ஓரத்தில் இன்னும் நிற்கிறது, பாருங்கள். பூவா தலையா போட்டால் இந்தக் காசில் பூ நிஜமாகவே பூதான்.

இப்போது 1911 கதை. வீடியோக்காரர் சொன்னதில் ஒரு துளி நிஜம் இருக்கிறது. அந்தத் துளியில்தான் மீதிப் பொய் மிதக்கிறது. ஐந்தாம் ஜார்ஜ் பட்டத்துக்கு வந்தபின் 1911இல் அடித்த காசுகளில் அவர் மார்பில் ஒரு விருது மாலை உண்டு, அதில் ஒரு யானை. அச்சு வெட்டியவர் யானைக்குத் தும்பிக்கையைக் குட்டையாக வைத்துவிட்டார், காலும் குட்டை. பார்த்தவர்களுக்கு அது பன்றியாகத் தெரிந்தது. பன்றி உருவம் இருக்கும் காசைத் தொட முஸ்லிம்கள் மறுக்க, அரசாங்கம் அச்சை மாற்றியது. 1912 முதல் யானை யானை மாதிரியே இருக்கும். அந்த 1911 வெள்ளி ரூபாயில் சுமார் 94 லட்சம் அடித்து, ஏழு லட்சம் போல வெளியே போயிருந்தபோது மீதியை நிறுத்தி உருக்கிவிட்டார்கள். அதனால்தான் சேகரிப்பவர்கள் 'பன்றி ரூபாய்' என்று தேடுகிறார்கள். அந்த ரூபாய்கூட ஆயிரங்களில்தான் போகிறது, லட்சங்களில் அல்ல.

காலணாவுக்கு அந்தக் கதை அப்படியே பொருந்தாது. சந்தையில் காய்கறிக்காரர் கையிலும் உப்பு வாங்குகிறவர் கையிலும் புரள்வதற்காகக் கோடிக்கணக்கில் அடித்தது. ஒரு ரூபாய்க்கு 64 காலணா. 1911 காலணாவும் கோடிகளில்தான் வந்தது. மற்ற ஆண்டுகளைவிடச் சேகரிப்பவர்கள் கொஞ்சம் அதிகம் விரும்புவார்கள், அவ்வளவுதான். ரூபாயின் அருமையை எடுத்துக் காலணாவுக்கு ஒட்டிவிட்டார்கள்.

அது இருக்கட்டும், உங்களுடையது 1911தானா? யானையை வைத்துச் சொல்ல முடிந்தால் நன்றாக இருக்கும். ஆனால் தேய்கிற காசில் முதலில் போவது மேடான இடங்கள்: கன்னம், தாடி, கிரீடத்தின் வளைவு, மார்பு. யானை இருப்பதோ மார்பில். உங்கள் முதல் படத்தில் அந்த இடம் சோப்புக்கட்டி மாதிரி வழவழவென்று இருக்கிறது. அங்கே யானையும் இல்லை பன்றியும் இல்லை.

எண்ணைத்தான் பார்க்க வேண்டும். நீங்கள் எடுத்த படம் மேலிருந்து நேராக வெளிச்சம் விழும்படி இருக்கிறது. அதில் பள்ளம் மேடு தெரியாது. ராத்திரி விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு, காசை மேசையில் வைத்து, டார்ச்சைக் காசின் மட்டத்துக்கே இறக்கிப் பக்கவாட்டில் அடியுங்கள். ஏறக்குறைய மேசையைத் தொடுகிற மாதிரி. காசை மெல்லச் சுற்றிக்கொண்டே வாருங்கள். வெறும் கண்ணுக்குத் தெரியாத கோடெல்லாம் நிழலாக எழும்பும், ஏதாவது ஒரு கோணத்தில் எண் சட்டென்று முகம் காட்டிவிட்டு மறையும். அந்தக் கோணத்தில் நிறுத்திப் படம் எடுங்கள், போனில் அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். புளியால் வந்த நிறப் பேதம் கண்ணைக் குழப்பாது. பள்ளிக்கூடத்தில் காசின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து விளையாடியிருப்பீர்களே, மெல்லிய தாளில் அதையும் செய்து பார்க்கலாம். தாள் மேல் தேய்ப்பதால் காசுக்கு ஒன்றும் ஆகாது.

இப்போதுள்ள படத்திலேயே எனக்கு ஒன்று தெரிகிறது. ஆண்டு 1911 ஆக இருந்தால் கடைசி இரண்டு எண்ணும் ஒன்றே. பக்கத்தில் நிற்கும் 1 எவ்வளவு அகலமோ அதே அகலத்தில், அதே நேர்க்கோடாகத்தான் மிச்சம் இருக்க வேண்டும். பெரிதாக்கிப் பார்த்தேன். கடைசி எண்ணின் அடிப்பாகத்தில் எஞ்சியிருக்கும் கோடு பக்கத்து ஒன்றைவிட அகலம், அதோடு வலது கீழ் மூலையில் வளைந்து ஏறுகிறது. 1க்கு வளைவு கிடையாது. 2க்கு அடி தட்டை. 4, 7 இரண்டுக்கும் கீழே வெறும் கால். கீழே வளைவது 3, 6, 9 மாதிரி எண்கள். ஆக, 1911 இல்லை என்று தைரியமாகச் சொல்வேன். எந்த ஆண்டு என்பது டார்ச் படம் வந்தால் தெரிந்துவிடும், ஆனால் அதனால் விலையில் பெரிய மாற்றம் வராது.

விலை என்று கேட்டீர்கள். உலோகத்துக்கு நிறுத்துப் போட்டால் நாலைந்து ரூபாய். காசு விற்பவர்களின் தட்டில் இப்படித் தேய்ந்த ஐந்தாம் ஜார்ஜ் காலணாக்கள் குவிந்து கிடக்கும், ஒன்று பத்து, இருபது, முப்பது ரூபாய்க்கு எடுத்துக்கொள்ளலாம். அது அவர்கள் விற்கிற விலை. உங்களிடம் வாங்கும்போது அதில் பாதி சொன்னாலே நியாயமானவர். எண் தெளிவாகத் தெரியும் 1911ஆக இருந்தாலும் இந்தத் தேய்மானத்தில் நூறு இருநூறு என்று பேசியிருப்போம்.

ஆச்சரியம் என்னவென்றால், இதே ஆண்டு, இதே காலணா, புழக்கத்துக்கே போகாமல் யாரோ ஒருவர் பெட்டியில் அடைந்து கிடந்து, அச்சிலிருந்து வந்தபோது இருந்த செம்பட்டைச் சிவப்பு பாதியாவது மிஞ்சி, ராஜாவின் புருவ முடி எண்ணுகிற அளவுக்கு இருந்தால் அதற்குப் பல நூறு ரூபாய் கொடுக்க ஆள் இருக்கிறது. மலிவு உலோகக் காசில் ஆண்டைவிட நிலைமைதான் பேசும். வெள்ளிக் காசு எவ்வளவு தேய்ந்தாலும் வெள்ளி விலைக்குக் கீழே போகாது. காலணாவுக்கு அப்படித் தாங்கிப் பிடிக்க ஒன்றுமில்லை. தேய்ந்தால் தட்டு, தேயாவிட்டால் தனிப் பெட்டி. 'காலணா பெறாது' என்று நம் பெரியவர்கள் வைது கேட்டிருப்பீர்கள். தேய்ந்த காலணாவைப் பொறுத்தவரை அது கிட்டத்தட்ட விலைப்பட்டியல்.

இதனால்தான் புளி விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் வருத்தம். மீதியைத் தேய்க்க வேண்டாம். குத்துவிளக்குக்கும் அண்டாவுக்கும் புளி சரி, தேய்க்கத் தேய்க்க அழகு. காசில் இருக்கும் காப்பிநிறம் அழுக்கே இல்லை. செம்பு காற்றோடு நூறு வருஷம் பழகிப் போர்த்திக்கொண்ட மெல்லிய தோல். புளியின் அமிலம் அந்தத் தோலைக் கரைத்துவிட்டு அடியிலிருக்கும் வெறும் செம்பை வெளியே கொண்டுவரும். உங்கள் படத்தில் தெரிகிற அந்த ரோஜா நிறம் அதுதான். அது அடித்தபோது இருந்த பளபளப்பும் அல்ல, இரண்டும் ஒன்று என்று பழகிய கண்ணை ஏமாற்ற முடியாது. எண் தெரியவும் இது உதவாது. தேய்ந்துபோன கோட்டைப் புளி எப்படித் திரும்பக் கொண்டுவரும்? தொழிலுக்கு வந்த புதிதில் நானும் ஒரு நல்ல விக்டோரியா அரையணாவை எலுமிச்சம்பழத்தால் தேய்த்து வைத்தேன். இன்றுவரை விற்கவில்லை, புத்தி வருவதற்காக மேசை இழுப்பறையிலேயே கிடக்கிறது.

பச்சையாக எதுவும் படிந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். செம்பில் களிம்பு போல என்று சைவ சித்தாந்தத்தில் ஆணவ மலத்துக்கு உவமை சொல்வார்கள், செம்போடு கூடவே இருப்பது என்ற பொருளில். காசில் களிம்பு இரண்டு வகை. கெட்டியாக, கரும்பச்சையாக ஒட்டிக்கொண்டிருப்பது அப்படியே இருக்கலாம். வெளிர்ப்பச்சையில் மாவு மாதிரி உதிர்வது காசைத் தின்றுகொண்டே போகும், மற்றக் காசுகளுக்கும் நல்லதில்லை, அதைத் தனியே பிரித்து வையுங்கள். உங்கள் படங்களில் இரண்டாவது வகை தெரியவில்லை.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். புளியின் மிச்சம் எழுத்து இடுக்கில் இருக்கும். பேட்டரிக்கு ஊற்றுகிற சுத்திகரித்த நீரில் ஒரு மணி நேரம் போட்டு, நீரை மாற்றி மறுபடி ஒரு தடவை போட்டு, துணியில் ஒற்றி எடுங்கள். தேய்க்கக் கூடாது, ஒற்ற வேண்டும். நன்றாக உலரட்டும். அப்புறம் ஒரு காகித உறையில் போட்டு ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். கடையில் விற்கும் மெத்தென்ற பிளாஸ்டிக் உறை வேண்டாம், அதில் பல பிவிசி, கொஞ்ச நாளில் காசின் மேல் பச்சைப் பிசின் மாதிரி படியும். எடுக்கும்போது இரண்டு விரலால் விளிம்பைப் பிடியுங்கள், உள்ளங்கை வியர்வை செம்புக்கு ஆகாது. ரோஜா நிறமான பாதி வருஷக் கணக்கில் தானாகக் கறுத்து வரும். மறுபாதியோடு முழுதாக ஒன்றாகாது, ஆனால் கண்ணை உறுத்தாது.

சிங்கப்பூர் விஷயம். அனுப்பாதீர்கள். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷம் கடந்த காசும் தொல்பொருள்தான், அதைத் தனியாள் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. கடைசி எண் என்னவாக இருந்தாலும் 191 என்று தொடங்குகிற காசு அந்தக் கணக்கில் வந்துவிடும். இருபது ரூபாய்க் காசை யார் பார்க்கப் போகிறார்கள் என்று தோன்றும். விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து கேட்டால் அந்த இருபது ரூபாய்க்கு உங்கள் நாத்தனார் கணவர் பதில் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டும். மாமியார் வைத்திருந்த காசு என்பதால் புதையல் சட்டம் பற்றிய கவலை வேண்டாம். அது மண்ணில் புதைந்து கிடைப்பதற்கு.

என்னைக் கேட்டால் அந்தக் காலணாவை விற்கவே வேண்டாம். 1957 ஏப்ரலில் நயா பைசா வந்து காலணாவின் காலம் முடிந்தபிறகும் அதைச் சுருக்குப் பையில் வைத்திருந்திருக்கிறார் என்றால் ஏதோ ஒரு காரணம் இருந்திருக்கும், எங்கள் தட்டில் விழுந்தால் அந்தக் காரணம் போய்விடும்.

எனக்கு ஆர்வம் அந்தச் சதுரக் காசில்தான். ஓட்டைக் காசு மூன்றும் 1943க்கும் 1947க்கும் நடுவில் வந்தவை, போர்க் காலத்தில் உலோகத்தை மிச்சம் பிடிக்க நடுவில் ஓட்டை போட்டது, எல்லார் வீட்டிலும் உண்டு. அணாக் காலத்தில் சதுரமாக இரண்டு காசுகள் இருந்தன, இரண்டணாவும் அரையணாவும். பெரியதா சின்னதா, மஞ்சளா வெள்ளையா என்று பார்த்து எழுதுங்கள். 1918இல் வெள்ளி இரண்டணாவுக்குப் பதிலாக வந்த முதல் சதுரக் காசு வெள்ளை நிறம், செம்பும் நிக்கலும் கலந்தது. மஞ்சளாக இருந்தால் அது 1940களின் நிக்கல் பித்தளை. நாலு மூலையும் எவ்வளவு கூராக இருக்கிறது என்பது படத்தில் தெரிய வேண்டும், டார்ச்சைப் பக்கவாட்டில் வைத்து எடுங்கள். எடையும் எழுதுங்கள். அதுவரை அதைப் புளிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.